விருந்தாளியாகக் கப்பலேறிய சுந்தர்சிங் அத்தான்

என் அக்கா தபீதாளின் வீட்டுக்காரர் சுந்தர்சிங் அத்தான் இருபத்து மூன்று வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். சரக்குக் கப்பல் இல்லை. வசதியானவர்கள் ஊர் சுற்றுகிற சொகுசுக் கப்பல். அதில் அவருக்கு அறை பராமரிக்கிற வேலை. ஒரு தளத்தில் பதினெட்டு அறைகள் அவர் பொறுப்பு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு அறையிலும் படுக்கையைச் சரிசெய்து, குளியலறையைத் துடைத்து, துண்டு மாற்றி வைக்க வேண்டும். அவர்கள் வீடு இருக்கும் சேலையூரில் யாரும் இதை இப்படி விலாவாரியாகச் சொல்ல மாட்டார்கள். "அவர் ஷிப்ல இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கிறவர்கள் கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவும் திருத்த மாட்டாள், நானும் திருத்த மாட்டேன். அத்தான் மட்டும் யாராவது நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்.

அவர் வேலையை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இந்த இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். எல்லோருக்கும் ஏதோ ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளை அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறது. எந்த அறை எடுக்கலாம், வாந்தி வருமா, என்ன உடுப்பு கொண்டுபோக வேண்டும் என்று அவரிடம் விசாரிப்பார்கள். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற லீவில் அக்காவைப் பார்க்க வந்திருப்பேன். இவர் வாசலில் நின்று தர்பார் நடத்திக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் சொல்வதைப் பொறுமையாகத்தான் சொல்வார். "அறை நடு கப்பல்ல, கீழ் தளத்துல எடுங்க, ஆட்டம் கம்மியா இருக்கும். சாப்பாட்டு ஹாலுக்கு நேர் கீழ எடுக்காதீங்க, விடிகாலைலயே நாற்காலி இழுக்கற சத்தம் கேக்கும். பெட்டியை ஏத்திட்டா அது ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும், அதனால மாத்திரை, மாத்துத் துணி எல்லாம் கைப்பையில வச்சுக்கோங்க. முதல் நாள் மத்தியானம் எல்லாரும் மேல பஃபேக்கு ஓடுவாங்க. நீங்க கீழ பெரிய டைனிங் ஹால் திறந்திருக்கான்னு பாருங்க, உக்கார வச்சுப் பரிமாறுவாங்க. ரூம் சுவரெல்லாம் இரும்பு. காந்தக் கொக்கி நாலு எடுத்துட்டுப் போனா துணி மாட்டலாம்."

முடிவெட்டும் கடை ரவிக்குக்கூட இதில் ஆர்வம் உண்டு. "சார், கப்பல்ல இன்னா வோணா துன்னலாமாமே, காசே கேக்க மாட்டானாமே? மெய்யாலுமா?"

"சாப்பாட்டுக்குக் கேக்க மாட்டான் ரவி. குடிக்கறதுக்குத்தான் கேப்பான்."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் கப்பலு?" என்று ரவி அந்தப் பேச்சையே விட்டுவிட்டான்.

இதையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருந்தது உறுப்பினர் சலுகை விஷயம். கப்பலில் எத்தனை ராத்திரி தங்குகிறார்களோ அத்தனை புள்ளி பயணிக்குச் சேரும். புள்ளி ஏற ஏற வெள்ளி, தங்கம், அதற்கு மேல் வைரம் என்று அந்தஸ்து ஏறும். துணி இலவசமாகத் துவைத்துத் தருவார்கள், வரிசையில் நிற்காமல் ஏறலாம், தலையணையில் சாக்லேட் வைப்பார்கள், கேப்டனோடு ஒரு நாள் சாப்பாடு. அறை பார்க்கிற ஆட்களுக்குத் தினமும் ஒரு பட்டியல் கொடுப்பார்களாம். அதில் பயணியின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தஸ்தும் இருக்குமாம். அத்தான் ஒரு வயதான தம்பதியைப் பற்றிச் சொல்வார். வைரத்துக்கு இன்னும் ஒன்பது ராத்திரி பாக்கி என்பதற்காக, எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறினவர்கள். ஒன்பது நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லையாம்.

"நீங்க எத்தனை ராத்திரி அத்தான் கப்பல்ல தூங்கியிருப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "ஆறாயிரத்து எழுநூறு."

அக்கா கணக்கு டீச்சர். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு என்று மாறி மாறி ஓடின இருபத்து மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது நாலரை வருஷம் என்பதையும் அவள்தான் ஒருநாள் விடைத்தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். வேலை செய்கிறவர்களுக்குப் புள்ளி கிடையாது. அதற்குப் பதிலாக, வேலையை விடும்போது கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர் என்பதால், மனைவியோடு ஏழு ராத்திரி விருந்தாளியாக வரலாம். இரண்டு வருஷத்துக்குள் வர வேண்டும். அத்தான் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டு மறந்துவிட்டார். அல்லது மறந்த மாதிரி இருந்தார்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். தன் படுக்கையறைக் கதவையே மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். டிவி போடுவதற்கு முன் "போடலாமா?" என்று கேட்பார். படித்த பேப்பரைக் கடையில் விற்கிற மாதிரி மடித்து வைப்பார். அக்காவும் அவரை அப்படியே வைத்திருந்தாள். வருஷத்துக்கு இரண்டு மாதம் வந்து போகிறவர் என்று தொடங்கின உபசாரம், அவர் நிரந்தரமாக வந்த பிறகும் நிற்கவில்லை. நல்ல தட்டு அவருக்கு. மீனில் நடுத்துண்டு அவருக்கு. சமையலறைப் பக்கம் வந்தால், "நீங்க போய் உக்காருங்க, நான் கொண்டு வர்றேன்." அவளுக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. முப்பது வருஷம் நின்றே பாடம் நடத்தின கால். குரோம்பேட்டை டாக்டர் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மகள் ஜோவிதா ஹைதராபாத்தில் வேலையில் இருக்கிறாள். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இரண்டு வருஷம் வாழ்ந்தார்கள். பார்க்கிற எனக்கே அசதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. புதிய ஆட்களுக்கு வேலை பழக்க, ஒன்பது மாதம் கப்பலில் இருக்க முடியுமா? முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

அத்தான் அக்காவிடம் காட்டி, "நீ என்ன சொல்றியோ அதான்" என்றார்.

அக்காவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. எனக்கு போன் செய்து கத்தினாள். "போன்னு சொன்னா நான்தான் அனுப்பிச்சேன்னு ஆகும். இருன்னு சொன்னா நான்தான் கட்டிப் போட்டேன்னு ஆகும். இவருக்கு வேணும்னு ஒண்ணு கிடையாதா ஜான்சி?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்த இலவசப் பயணக் கடிதம் எப்போ முடியுது?" என்று கேட்டுவிட்டேன். அதே மாதம் முடிகிறது. அக்கா மறுநாளே அத்தானிடம் சொல்லிவிட்டாள்: "முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஏழு நாள் எனக்குப் பக்கத்துல சும்மா உக்காருங்க. அது உங்களால முடிஞ்சா வீட்ல இருங்க. முடியலைன்னா முப்பதாம் தேதி அவங்களுக்கு வர்றேன்னு எழுதிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, லங்காவி, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பச் சிங்கப்பூர். அங்கே நடந்ததை அக்கா ஒரு விதமாகவும் அத்தான் ஒரு விதமாகவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

ஏறும்போதே கோளாறு. கடிதத்தைப் பார்த்து அவர்களை வைர அந்தஸ்துக்காரர்கள் வரிசையில் அனுப்பினார்கள். அத்தானின் கால் மட்டும் தானாக ஊழியர்கள் ஏறுகிற பக்கவாட்டு வழிக்குத் திரும்பியிருக்கிறது. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள். மத்தியானம் அவர் சொல்லிக்கொண்டே வந்தபடி கீழ் டைனிங் ஹாலுக்குப் போனார்கள். கூட்டமே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் அத்தான் பாதி எழுந்து நின்றார். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கி, கரண்டிகளை ஒரு பக்கமாகச் சேர்த்து, மேஜையையும் துடைக்கப் போனார்.

"உக்காருங்களேன்" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

மேல் தளத்தில் கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலிகள் கிடந்தன. அதில் இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இருபத்து மூன்று வருஷம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் வேலை போகும் என்று இருந்தவர் அவர். ஐந்து நிமிஷம் விளிம்பில் உட்காருவார், பிறகு "இதோ வந்துடறேன்" என்று எழுந்து போய்விடுவார். எங்கே போகிறார் என்றால், சலவை அறை இருக்கும் தளம், சாமான்கள் ஏற்றுகிற லிஃப்ட், எங்கேயாவது போய் வேலை செய்கிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்து நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி, "தனியாக வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டாளாம். அக்கா கணவரோடு வந்திருக்கிறேன் என்றாள். இரண்டாம் நாளும் அதே பாட்டி அதையே கேட்டாள்.

அவர்கள் அறையைப் பார்க்கிறவர் பெயர் ஜெஃப்ரி. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்காரர், முப்பத்தாறு வயது, இது மூன்றாவது ஒப்பந்தம். தமிழ் கேட்டதும் இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். அத்தான் அவருடைய இடுப்பைப் பார்த்தார். முதுகுவலிக்குக் கட்டுகிற அகல பெல்ட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தார். பயணிகள் ஏறுகிற நாளில் பதின்மூன்று மணி நேரம் வேலை இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "நம்ம ரூமை நீ பாக்க வேண்டாம் தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

கப்பலில் இது ஒரு வழக்கம் என்று அத்தான் எனக்கு விளக்கினார். முன்பு அந்த வேலையில் இருந்தவர் விருந்தாளியாக வந்தால், தன் அறையைத் தானே பார்த்துக்கொள்வார். தன் தொழில்காரனைத் தன் அழுக்கைக் கழுவ விடக் கூடாது என்பது மரியாதை. 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைக் கதவில் மாட்டிவிட்டால் போதும். ஒரு அறைக்கு இருபது நிமிஷம். காலையும் மாலையும் சேர்த்து ஜெஃப்ரிக்கு நாற்பது நிமிஷம் மிச்சம். அவரும் தன் கருவியில் அந்த அறை முடிந்துவிட்டதாகத் தட்டிவிடுவார். பதிலுக்கு ஒரு தட்டுப் பழம் கூடுதலாக வரும். யாருக்கும் நஷ்டமில்லை.

அக்காவிடம் இதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் படுக்கை சுருக்கமில்லாமல் இருக்கும். அவள் வெளியே வந்ததும் அவர் உள்ளே போய்க் குளியலறையைத் தேய்ப்பார். ஈரக் கையோடு வெளியே வந்து, "ரூம் ரெடி" என்பார். அக்கா மூன்று நாள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பது நல்லதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நான்காம் நாள் முழுக்கக் கடலிலேயே போகிற நாள். அன்று சாயங்காலம் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு போகிற பெரிய விருந்து. அத்தானின் நீண்ட காலச் சேவைக்காக அவர்கள் இருவருக்கும் ஜன்னலோரம் தனி மேஜை ஒதுக்கி, கேப்டன் வந்து போட்டோ எடுத்துக்கொள்வார் என்று அட்டை வந்திருந்தது. காலையில் அத்தான் எங்கேயோ போயிருந்த நேரம், ஒரு பெண் அதிகாரி கதவைத் தட்டினார். பயணம் பாதி முடிந்துவிட்டது, எல்லாம் திருப்தியாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அறைப் பணியாளர் தினமும் இரண்டு தடவை வருகிறாரா?

யாராவது கேட்க மாட்டார்களா என்று நான்கு நாளாகக் காத்திருந்தவள் அக்கா. புருஷன் மேல் இருந்த புகாரை எல்லாம் கொட்டிவிட்டாள். "எங்கே வருகிறார்? யாரும் வருவதில்லை. எல்லாம் என் கணவர்தான் செய்கிறார். படுக்கை, குளியலறை, துண்டு, எல்லாமே. விடுமுறைக்கு வந்த மாதிரியா இருக்கிறது?" அந்தப் பெண் மிகவும் வருத்தம் தெரிவித்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் வினை.

சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா அரக்குப் பட்டும், அத்தான் மேற்குத் தாம்பரத்தில் தைத்த கோட்டும் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார்கள். எதிரே ஜெஃப்ரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. அக்கா முன்னால் லிஃப்டை நோக்கி நடந்துவிட்டாள். ஜெஃப்ரி தாழ்ந்த குரலில், "அண்ணா, அக்காவாண்ட கேட்டுட்டாங்க. நாலு நாளா ஆளே வரலன்னு சொல்லிட்டாங்களாம். நான் முடிச்சிட்டேன்னு போட்டுகீறேன். எழுத்துல வார்னிங் குடுத்துட்டாங்கண்ணா" என்றார். அந்த ஒப்பந்தத்தின் அறிக்கை கெட்டால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. அது அத்தானுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நீ போய் உக்காரு தபி, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று லிஃப்டில் அக்காவை அனுப்பிவிட்டு, அத்தான் நேராக அந்தப் பெண் அதிகாரியிடம் போனார். தப்பு தன்னுடையது, ஜெஃப்ரி மேல் குற்றமில்லை என்று சொன்னார். அதிகாரி சிரித்த முகம் மாறாமல், "சார், இதைப் பற்றியெல்லாம் நீங்கள் கவலைப்படக் கூடாது. உங்கள் விடுமுறையை அனுபவியுங்கள்" என்றார். ஊழியர் விஷயத்தை விருந்தாளியோடு பேச மாட்டார்கள். ஊழியராக இருந்திருந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சார் ஆன பிறகு ஒரு கதவும் திறக்கவில்லை.

திரும்பி வந்தவர் டைனிங் ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தாழ்வாரத்தில் துணிகள் வைக்கிற சின்ன அறைக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, துண்டு மடிக்க உட்கார்ந்துவிட்டார். அறை அறையாகப் போய் வேலை செய்து கொடுக்கத்தான் நினைத்தார். ஜெஃப்ரி பதறிவிட்டார். "ஐயோ அண்ணா, கெஸ்ட் வந்து ரூம் பண்றத யாரனா பாத்தா அவ்ளோதான், இன்னிக்கே எறக்கி வுட்ருவாங்க." சரி, யாரும் பார்க்காத இடத்தில் துண்டாவது மடிக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். கை ஓடின பிறகுதான் படபடப்பு அடங்கியது என்று என்னிடம் சொன்னார். அந்த அறைக்குள் அரை மணி நேரம் நிம்மதியாக இருந்ததாகவும் சொன்னார். இதை அவர் அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜெஃப்ரி ஒவ்வொரு அறையாக முடித்துவிட்டுத் துண்டு எடுக்க வந்து வந்து போனார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, அக்கா எங்க?"

"கீழ. டைனிங் ஹால்ல."

"தனியாவா?"

அத்தான் அடுத்த துண்டை எடுத்தார்.

"எனக்கு பொண்டாட்டியப் பாத்து ஆறு மாசம் ஆச்சுண்ணா. போன்ல பேசினா லைன் கட்டாயி கட்டாயி பூடுது. உங்க பொண்டாட்டி நாலு மாடி கீழ கீறாங்க. நீங்க இங்க குந்திகினு துண்டு மடிச்சிகினு கீறீங்க. எனுக்கு நீங்க இன்னா ஒதவி பண்றதா நெனச்சிகினு கீறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லையாம். களைத்துப் போன ஒருவர், களைத்துப் போன இன்னொருவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அத்தான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜெஃப்ரி கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதே நினைப்பாக இருக்கும். மறுநாள் அக்கா இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, அந்த அதிகாரியின் கையிலேயே கொடுத்தாள். தான் சொன்னது கணவர் மேல் சொன்ன குறை, பணியாளர் மேல் இல்லை. பணியாளரைத் தடுத்தது தன் கணவர்தான் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தின கை, தன் விடையையும் திருத்திவிட்டது. எழுத்தில் கொடுத்த எச்சரிக்கையை வாய் எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டார்கள். ஜெஃப்ரி மீதி நாட்கள் தினமும் இரண்டு தடவை வந்து அறையைச் சுத்தம் செய்தார். அத்தான் அந்த நேரத்தில் பால்கனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தான் போனபோது மணி எட்டே காலுக்கு மேல். ஹால் வாசலில் நின்று பார்த்தார். கேப்டன் வந்து, அக்காவை மட்டும் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜன்னலோர மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரே காலி நாற்காலி. அந்த நாற்காலிக்கு முன்னால் சூப், அதற்குப் பக்கத்தில் மீன், மூடி போட்ட தட்டில் இன்னும் ஏதோ. ஒவ்வொன்று வரும்போதும், "அவர் இப்போ வந்துடுவார்" என்று சொல்லி அவருக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறாள். பரிமாறுகிறவர் எடுத்துவிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றிருக்கிறாள். அத்தான் நிற்பதை அவள் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கிற மாதிரி இருட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து மூன்று வருஷம் பதினெட்டு அறைகளிலும் புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்களைப் பார்த்தவர் அவர். தான் இல்லாத இடத்தில் தன் பெண்டாட்டி எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். "அவ்வளவு தட்டும் ஆறிக் கிடந்துச்சு ஜான்சி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல் அதுவரை இருந்த எரிச்சலில் பாதி அப்போது போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்தார். பாதி எழவில்லை, விளிம்பில் உட்காரவில்லை. ஆறின சூப்பை எடுத்துக் குடித்தார். துண்டு அறையில் இருந்ததையும், ஜெஃப்ரிக்கு நடந்ததையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். தன் வார்த்தையால் ஒருவருக்குப் பிழைப்பு போக இருந்தது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர், "நான் ஒன்பது மாசத்துக்குப் போகலை தபி. வரலைன்னு எழுதிடறேன்" என்றார். மெயில் மறுநாள் காலையில்தான் போனது என்றாலும், முடிவானது அந்த மேஜையில்தான்.

அக்கா சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பேன்.

"எனக்காகவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்காகன்னு சொல்லாதீங்க. அப்புறம் நான் தினமும் உங்களுக்கு நன்றி சொல்லிட்டே இருக்கணும். எனக்குத் தெம்பு இல்லைங்க. இருபத்து மூணு வருஷம் வரப்போறீங்க வரப்போறீங்கன்னு ஓடினேன். வந்து ரெண்டு வருஷமா இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கேன். புருஷனுக்குச் சமைக்கிறது ஒரு வேலை, விருந்தாளிக்குச் சமைக்கிறது வேற வேலை. எனக்கு முட்டி வலிக்குது. நீங்க இருக்கறதா இருந்தா விருந்தாளியா இருக்காதீங்க."

"நீதானே உள்ளயே விட மாட்டேங்கற?"

"தெரியும். தப்புதான். எப்ப பாத்தாலும் கிளம்பிடுவீங்கங்கற பயத்துலயே பழகிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் குரலுக்கு வந்துவிட்டாள். "சரி. அடுத்த மாசம் எனக்கு ஆபரேஷன். ஆறு வாரம் நான் நிக்க முடியாது. காலைல காபி யார் போடப் போறா?"

"நான் போடறேன்."

"போடத் தெரியுமா?"

பதினெட்டு அறைகளில் யாருக்கு எத்தனை தலையணை, யாருக்கு எந்தப் பக்கத்து விளக்கு என்று முதல் நாளே மனப்பாடம் செய்கிறவர், கரண்டியைக் கீழே வைத்தார்.

"போடத் தெரியும். ஆனா நம்ம வீட்ல சர்க்கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது தபி."

அக்கா அப்போதுதான் உடைந்து அழுதாள். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். அத்தான் அவருக்காக எழுந்து நிற்காமல், மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டில், துவரம்பருப்புக்குப் பின்னால், மூடி உடைந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது என்று அவள் விக்கி விக்கிச் சொன்னாள்.